ஏழாண்டுக் கணக்கும் நம் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும்

பொதுப் பணத்தால் நடைபெறும் கல்லூரியொன்றில் குறைந்த கட்டணத்திற்குப் படிக்கும் உரிமை யாருக்கு உண்டு? அந்த மண்ணில் பிறந்தவனுக்கா? அங்கு நெடுநாள் வாழ்ந்து வரி செலுத்தியவன் பிள்ளைக்கா? தேர்வில் முதன்மை பெற்றவனுக்கா? அல்லது, கட்டணம் செலுத்தும் வலிமை அறவே அற்றவனுக்கா? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு எழுபது ஆண்டுகளாக நம் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே பலவாறாக விடை கூறி வந்திருக்கின்றது. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்போன்ற குடும்பங்களுக்கோ இது வெறும் சட்ட விவகாரம் அன்று. ஜூன் மாதம் பிறந்தால் வீட்டின் அமைதியைக் குலைக்கும் கேள்வி இது.

கபிலை நதிக்கரையில், நஞ்சுண்டேசுவரர் கோயில் கொண்டுள்ள இந்த நஞ்சன்கூட்டில் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. ஆலைகளில் பணி கிடைத்து வந்தோர் சிலர். வாணிகத்தின் பொருட்டு வந்தோர் சிலர். மாற்றல் உத்தரவு பெற்று இரயில்வேயிலும் பிற மத்திய அரசு அலுவலகங்களிலும் பணிபுரிய வந்த எம்மைப் போன்றோர் சிலர். வந்த காரணம் எதுவாயினும், பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை எட்டும் ஆண்டில் யாவரும் ஒரே கவலையில் ஒன்றுகூடுகின்றோம். ஆகவே இப்பொருளைச் சற்று ஆற அமரச் சிந்திப்பது நம் கடமையாகும்.

குறைந்த கட்டணம் என்பது யாது?

முதலில் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குறைந்த கட்டணம் என்றால் குறைந்த செலவு என்பது பொருளன்று. ஆசிரியருக்குச் சம்பளமும், ஆய்வுக்கூடத்திற்குக் கருவியும், நூலகத்திற்கு நூலும் அதே விலைக்குத்தான் வாங்கப்படுகின்றன. மாணவன் கொடாத பங்கை மற்றெவரோ கொடுக்கின்றனர் என்பதே அதன் பொருள்.

எமது தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். பயணச் செலவில் சராசரியாக 57 சதவிகிதமே பயணிகளிடமிருந்து கிடைக்கிறது என்னும் அறிவிப்பு இரயில் பயணச்சீட்டுகளில் அச்சிடப்பட்டதை அன்பர்கள் படித்திருப்பீர்கள். எஞ்சிய பங்கைச் சரக்குப் போக்குவரத்து முதலியன தாங்குகின்றன. எனினும், சீட்டு வழங்கும் சாளரத்தில் அமர்ந்திருப்பவர் பயணியை நோக்கி, “உமது தாய்மொழி யாது? உமது தந்தை பிறந்த ஊர் எது?” என்று வினவுவதில்லை. நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருக்குக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே. சலுகை உண்டு, ஆனால் அது நிலைமையை நோக்கித் தரப்படுகிறது. புற்றுநோயால் வருந்துவோருக்கு உண்டு, பார்வையற்றோருக்கு உண்டு, பட்டப்படிப்பு முடியும் வரை மாணவியருக்கும், பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவர்களுக்கும் இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டு கட்டணமின்றி வழங்கும் விதியும் உண்டு. சலுகை என்பது தேவையைப் பார்த்து வருவது என்னும் கொள்கை அங்கே விளங்குகின்றது.

கல்லூரிகளின் நிலை அவ்வாறு இல்லை. இரயில்வே மத்திய அரசின் உடைமை. கல்லூரிகளிற் பெரும்பாலானவை மாநில அரசின் பொறுப்பில் உள்ளவை. மாநிலக் கருவூலத்திலிருந்து பணம் வரும்போது, ‘எம் மாநிலத்தார் யார்?’ என்னும் கேள்வியும் உடன் வந்துவிடுகின்றது.

மைசூர் தந்த முன்மாதிரி

நாம் வந்து வாழும் இந்த மைசூர்ச் சீமை கல்விக்குப் பெயர் பெற்றது. 1916ஆம் ஆண்டில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. 1924இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இவையெல்லாம் சமஸ்தானத்து மக்களின் வரிப்பணத்தால் வளர்ந்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. நுழைவதற்குக் கால்வலிமை வேண்டும் என்பதையும் இந்தச் சமஸ்தானம் அக்காலத்திலேயே உணர்ந்தது. 1918இல் நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அரசுப் பணிகளும் உயர்கல்வியும் ஒருசில வகுப்பாரிடமே தங்கிவிட்ட நிலையை அக்குழு ஆராய்ந்தது. பிற்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் முதலிய உதவிகளைப் பரிந்துரைத்தது. பின்தங்கியோருக்குக் கைகொடுப்பதும் அரசின் கடமையே என்னும் எண்ணம் இந்த மண்ணில் நூறாண்டுப் பழமையுடையது.

இந்தூரில் எழுந்த வழக்கு

சுதந்திர இந்தியாவில் இக்கேள்வி முதலில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது இந்தூர் மருத்துவக் கல்லூரியிலிருந்தாகும். அங்கே 1952இல் தில்லிவாசியான மாணவர் ஒருவர் சேர்ந்தார். அன்றைய மத்திய பாரத அரசின் விதிப்படி அம்மாநிலத்தில் உண்மையாக வசிப்போர் தலைக்கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. வெளியார் மட்டும் ஏனைய கட்டணங்களோடு ஆண்டுக்கு 1,500 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும். அந்நாளில் அது ஒரு குமாஸ்தாவின் ஓராண்டு வருவாய்க்கு நிகரான தொகை எனலாம். இது சமத்துவத்திற்கு விரோதம் என்று அம்மாணவர் முறையிட்டார்.

டி. பி. ஜோஷி வழக்கு எனப் பெயர் பெற்ற அதில் 1955 ஜனவரியில் தீர்ப்பு வெளிவந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், கர்நாடக இசையிலும் புலமை மிக்கவராய் விளங்கிய தமிழரான நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர். பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு; பிறப்பிடத்தால் வேற்றுமை காட்டுவதையே அரசியல் சட்டம் தடுக்கிறது; கல்லூரியை நடத்தும் பணத்தை அளிக்கும் மாநிலம் தன்னிடம் வசிப்போரின் சுமையைக் குறைப்பது தவறாகாது என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதி ஜகந்நாததாஸ் மட்டும் இதற்கு உடன்படவில்லை.

இத்தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த விதியின்படி, பூர்வீகம் வேறிடமாயினும் அங்கேயே நிலைத்துக் குடியேறி ஐந்தாண்டுகள் வசித்தவரும் உள்ளூர்வாசியே. ஆதலின், வந்தவன் என்றும் வந்தவனாகவே இருப்பதில்லை. காலம் அவனை உள்ளூரான் ஆக்கும் என்னும் கருத்து அதில் அடங்கியிருந்தது. ஆயினும் எத்தனை ஆண்டுகள் என்பதில்தான் எல்லாச் சங்கடமும் இருக்கின்றது. மைசூர் அரசின் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பத்தாண்டு வசிப்பு வேண்டும் என்ற விதியை 1971இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்தூரில் ஐந்து; மைசூரில் பத்து!

மூன்று மாணவர், மூன்று விலை

அடுத்த பெரிய வழக்கும் நம் கர்நாடகத்தைப் பற்றியதே. 1989 ஜூன் மாதத்தில் மாநில அரசு தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கட்டண வரம்பு விதித்தது. அரசு ஒதுக்கும் இடங்களில் சேர்வோருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். ஏனைய கர்நாடக மாணவருக்கு 25,000 ரூபாய் வரை. பிற மாநில இந்தியருக்கு 60,000 ரூபாய் வரை. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒரே பாடம். ஆயினும் முதல் மாணவன் செலுத்துவதைப்போல் முப்பது மடங்கை மூன்றாமவன் செலுத்த வேண்டும். மீரட் நகரத்து மாணவியொருவர் தும்கூரில் இடம் நாடி இத்தொகையைச் செலுத்த இயலாது திரும்பி, வழக்குத் தொடுத்தார். அதுவே 1992இல் முடிவான மோகினி ஜெயின் வழக்கு. கல்வி குடிமகனின் உரிமை, அதனை விலைக்கு விற்பது ஆகாது என்று நீதிமன்றம் உரைத்தது.

மறு ஆண்டே, 1993இல், உன்னிகிருஷ்ணன் வழக்கில் அக்கருத்து சுருங்கிற்று. பதினான்கு வயது வரை இலவசக் கல்வி உரிமையாகும். அதற்குமேல் அரசின் பொருளாதார வலிமையைப் பொறுத்ததே என்று கூறப்பட்டது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடங்கள் தேர்ச்சி வரிசைப்படி குறைந்த கட்டணத்திற்கும், மறுபாதி கூடுதல் கட்டணத்திற்கும் என ஒரு திட்டமும் வகுக்கப்பட்டது. தகுதிக்கே சலுகை! கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கின்றது!

நடந்தது யாது? நல்ல பள்ளியும் தனிப் பயிற்சியும் பெற்ற வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் முந்தினர். குறைந்த கட்டண இடங்கள் அவர்களைச் சென்றடைந்தன. பின்தங்கிய பள்ளிகளில் பயின்றோர் கடன் வாங்கிக் கூடுதல் கட்டணம் செலுத்தி, தம்மினும் செல்வரான வகுப்புத் தோழனின் செலவையும் சேர்த்துச் சுமந்தனர். பதினொரு நீதிபதிகள் கூடி 2002இல் வழங்கிய டி. எம். ஏ. பாய் தீர்ப்பு, எண்ணியதற்கு மாறானதே நடந்தது என்று சுட்டிக்காட்டி அத்திட்டத்தைக் கைவிட்டது. மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் சலுகை ஏழையை அடையாது போகலாம் என்னும் படிப்பினையை அப்பத்தாண்டுகள் நமக்குத் தந்தன.

ஏழாண்டுக் கணக்கு

இப்பொழுது நம் வீட்டுக் கணக்கிற்கு வருவோம். கர்நாடகத்தில் தொழிற்கல்விக்கான அரசு ஒதுக்கீட்டு இடங்களைப் பெறுதற்குரிய முதன்மையான வழி, முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாநிலத்தில் ஏழு கல்வியாண்டுகளேனும் பயின்றிருப்பதாகும். பெற்றோரைக் கொண்டும், மத்திய அரசுப் பணியைக் கொண்டும் வேறு சில பிரிவுகளும் உள்ளன. அவற்றிற்குத் தனி நிபந்தனைகள் உண்டு.

தமிழ்நாட்டிலோ அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள்ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. 2021இல் பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கும் அது விரிந்தது. அதன்படி சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்கின்றது. ஏழை மக்களுக்கு அது பெரும் வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்குள்ள அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்க 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அம்மாநிலத்துப் படிப்பையே அடிப்படையாகக் கொண்டது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை எண்ணிப் பாருங்கள்: அதுவும் ஏழு ஆண்டுகளே! ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்த சிறுமி ஒருத்தியின் தந்தைக்கு நஞ்சன்கூட்டு ஆலையில் வேலை கிடைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் இங்கு வருகின்றது, அவள் ஒன்பதாம் வகுப்பில் சேர்கின்றாள், கன்னடம் கற்கின்றாள், பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகவே தேறுகின்றாள். தமிழ்நாட்டுக் கணக்கில் அவளுக்கு ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று ஆண்டுகள். கர்நாடகக் கணக்கில் நான்கு ஆண்டுகள். மூன்றும் நான்கும் சேர்ந்தால் ஏழு என்பதைக் குழந்தையும் அறியும். ஆனால் இரு மாநிலங்களின் ஏடுகளும் தனித்தனியே இருப்பதால் இரண்டிலும் அவள் குறைவுடையவளே! தந்தையின் உழைப்பிலோ, மகளின் படிப்பிலோ குறையொன்றும் இல்லை. அவள் செய்ததெல்லாம் எல்லைக்கோட்டைத் தாண்டியது ஒன்றே.

பட்டியல் சாதிக் குடும்பங்களின் துன்பம் இதனினும் பெரிது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ள வகுப்பார் வேறு மாநிலத்திற்குப் பெயர்ந்தால் புதிய மாநிலத்தின் ஒதுக்கீட்டை அங்கே கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குச் சென்ற குடும்பமொன்றின் வழக்கு அது. குடிபெயர்ந்தவனோடு வறுமையும் இழிவும் இரயிலேறி உடன் வருகின்றன. சலுகை மட்டும் புறப்பட்ட நிலையத்திலேயே நின்றுவிடுகின்றது!

வரி செலுத்துவோர் யார்?

‘எம் வரிப்பணம், எம் பிள்ளைகளுக்கே’ என்று உள்ளூரார் கூறின் அது நியாயமே. ஆனால் நாமும் வரி செலுத்துவோரன்றோ? 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரி, பொருள் நுகரப்படும் மாநிலத்தைச் சேர்வது. நஞ்சன்கூட்டுக் கடைத்தெருவில் நாம் வாங்கும் சவர்க்காரத்திற்கும் செருப்பிற்கும் உரிய மாநில வரிப் பங்கு பெங்களூரைச் சென்றடைகிறதேயன்றிச் சென்னையை அடைவதில்லை. ஊதியத்தில் பிடிக்கப்படும் தொழில்வரியும் இம்மாநிலத்திற்கே உரியது. வந்து இறங்கிய முதல் மாதத்திலிருந்தே நாம் இந்நாட்டுக் கல்லூரிகளைத் தாங்கும் தோள்களில் ஒன்றாகிவிடுகின்றோம். வரி செலுத்த ஏழாண்டு காத்திருக்கும்படி யாரும் கூறியதில்லை.

எனினும் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். ஓராண்டு வசிப்பே போதும் என்றால், பணம் படைத்தோர் எங்கிருந்தோ வந்து பன்னிரண்டாம் வகுப்பிற்கு மட்டும் இங்கே பெயர் பதிந்து இடத்தைக் கவர்ந்து செல்வர். ஹெக்கடதேவன்கோட்டைச் சிற்றூரில் கன்னடப் பள்ளியில் பயின்ற உழவர் மகன் அதனால் இடமிழப்பான். பயின்றவர் இம்மாநிலத்திலேயே தங்கிச் சேவை புரிவரா என்னும் கவலையும் அரசுக்கு உண்டு. ஆகவே வசிப்பு விதியே கூடாது என்பது எமது கட்சியன்று.

1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் நீதிமன்றம், இந்தியனுக்கு இந்தியா முழுவதும் ஒரே வாழ்நிலம் என்று எடுத்துரைத்தது. ஆயினும் இளநிலை மருத்துவப் படிப்பில் வசிப்போருக்கு ஓரளவு ஒதுக்குவதை அனுமதித்தது. 2025 ஜனவரியில் முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிட ஒதுக்கீடு செல்லாது என்றும் தீர்ப்பாயிற்று. படிப்பு உயர உயர எல்லைக்கோடு மங்க வேண்டும் என்பது இவற்றின் போக்கு.

பிற நாடுகளின் பாடம்

நம் இனத்தார் வாழும் இலங்கையை நோக்குவோம். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் அங்கே பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. உலகம் வியந்த செயல் அது. ஆனால் தேயிலைத் தோட்டப் பள்ளிகள் அத்திட்டத்திற்குப் புறம்பே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கிற்று. ஏற்றுமதிச் செல்வத்தை ஈட்டித் தந்த தமிழ்த் தொழிலாளரின் குழந்தைகள் ஒரு தலைமுறைக்காலம் வாயிலில் காத்திருந்தனர். 1964 ஒப்பந்தத்தின்பின் அவர்களுட் சிலர் தாயகம் திரும்பி, நம் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் ரப்பர்த் தோட்டங்களிலும் குடியேற்றப்பட்டனர்.

அமெரிக்காவிலோ மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்மாநிலத்தாருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு ஒரு கட்டணம் என்பது நெடுநாளைய வழக்கம். கனெக்டிகட் மாநிலம், சேரும்போது வெளியூர் முகவரி கொண்டவர் படிப்பு முடியும் வரை வெளியாரே என்று விதித்தது. 1973இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேற்றுமை காட்டலாம், ஆனால், ‘நான் இங்கே நிலைத்துவிட்டேன்’ என்று மெய்ப்பிக்க வாய்ப்பளித்தே ஆகவேண்டும் என்றது. இந்த நீதி எமக்குப் பெரிதும் உகந்ததாகத் தோன்றுகின்றது.

நாம் வேண்டுவதும் செய்ய வேண்டியதும்

எமது கருத்தைச் சுருங்கக் கூறுவோம். குறைந்த கட்டணத்திற்கு முதல் உரிமையாளன் ஏழை. அவன் எம்மொழி பேசினும் ஆகுக. அடுத்து, இங்கே வாழ்ந்து, உழைத்து, வரி செலுத்துவோரின் பிள்ளைகள். செலுத்தும் வலிமையுள்ளோர், உள்ளூராராயினும் வெளியூராராயினும், தத்தம் வலிமைக்கேற்பச் செலுத்தட்டும். தொழில் நிமித்தம் பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கு இரு மாநிலப் பள்ளியாண்டுகளையும் கூட்டிக் கணக்கிடும் முறையை இரு அரசுகளும் பேசி வகுக்க வேண்டும். வெறும் கருணையாக அன்று, பெற்றோரின் ஊதியச் சான்றும் வசிப்புச் சான்றும் பார்த்தே அளிக்கட்டும்.

அரசுகள் பேசும் வரை நாம் கைகட்டி அமர்ந்திருத்தல் தகாது. பெயர்ந்து வருவதாயின் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேருமுன் வருதல் நலம்; ஆறிலிருந்து எண்ணினாலே ஏழாண்டு நிறையும். ஒவ்வொரு பள்ளியிலும் பயின்றதற்கான சான்றிதழை அவ்வப்போதே பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். பள்ளி மாறிப் பல்லாண்டு கழித்துத் தேடுவது பெரும்பாடு. கர்நாடகத் தேர்வு ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் விதிநூலை அந்தந்த ஆண்டிலேயே வாசிக்க வேண்டும், விதிகள் மாறக்கூடியவை. பட்டியல் சாதியினர் தந்தைக்குச் சொந்த ஊரில் அளிக்கப்பட்ட சான்றிதழைத் தவறாது வைத்திருத்தல் வேண்டும். மத்திய அரசின் நிறுவனங்களில் அது பயன்படும். நம் சங்கங்கள் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, விவரம் அறிந்த இளைஞரைக் கொண்டு இச்சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுப்பின் அது ஓர் ஆண்டு விழாவினும் சிறந்த பணியாகும்.

இறுதியாக ஒன்று. உரிமையைக் கேட்பவன் உறவையும் வளர்க்க வேண்டும். வீட்டில் தமிழ் ஓங்குக. வீதியில் நம் பிள்ளைகள் கன்னடத்தைப் பிழையறப் பேசுக. இந்த ஊர்ச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் நம் சங்கத்தின் மாலை வகுப்பில் இடமளிப்போம். ‘இவர்கள் நம்மவர்’ என்று அண்டை வீட்டார் கூறும் சான்றிதழை எந்த அலுவலகமும் வழங்க இயலாது. ஆனால் அதற்கு ஏழாண்டு காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.